தண்டபாணியின் பச்சைப் புள்ளி

குரு என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் தேடாதீர்கள். எங்கள் குருவுக்கு முப்பத்தி நாலு வயது. பெயர் கோகிலவாணி. கோயம்புத்தூரில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற எங்கள் சாஃப்ட்வேர் ஆபீசில், எல்லோருக்கும் வேலை சொல்லிக்கொடுப்பவர். கேள்வி கேட்டால் நேராகப் பதில் வராது, எதையாவது செய்யச் சொல்வார். கேலியாகத்தான் குரு என்று கூப்பிட ஆரம்பித்தோம். அதுவே நிலைத்துவிட்டது.

சீடர்களில் மூத்தவர் தண்டபாணி. ஐம்பது வயது. ஒரு மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். கெட்டவர் இல்லை. ஆனால் மனுஷனுக்குச் சுத்தம் ஒரு வியாதி. மேஜையில் டீ கிளாஸ் வைத்த வட்டம் தெரிந்தால், அது அடுத்தவன் மேஜையாக இருந்தாலும் துடைத்துவிட்டுத்தான் நகர்வார்.

கட்டளைகளைத் தட்டுகிற கறுப்புத் திரையான டெர்மினலில், கீழே ஒரு பட்டை, அதாவது ஸ்டேட்டஸ் பார், எங்கள் எல்லோருக்கும் வைத்துக்கொடுத்தது அவர்தான். நாங்கள் எழுதுவதைக் கிட் என்கிற மென்பொருள் காத்து வைக்கும். ஆனால் நாம் கமிட் செய்தால்தான், அதாவது 'இதை வைத்துக்கொள்' என்று கட்டளை கொடுத்தால்தான், அது வைக்கும். கமிட் ஆகாத எழுத்து ஏதாவது இருந்தால் பட்டையில் சிவப்புப் புள்ளி. எல்லாம் சேர்ந்துவிட்டால் பச்சைப் புள்ளி. 'சேமி' என்று ஒரு சின்னக் கட்டளையும் எழுதிக்கொடுத்தார். அதைத் தட்டினால் மாறியதையெல்லாம் அதுவே கமிட் செய்து சர்வருக்கு அனுப்பிவிடும்.

"பச்சையைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போங்க. சிவப்போட போனா நாளைக்கு அழுவீங்க" என்பார்.

நல்ல யோசனைதான். கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டோம்.

அன்று திங்கட்கிழமை. நான் உள்ளே நுழையும்போது நவீனா தன் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கோபிச்செட்டிபாளையத்துப் பெண், முதல் வேலை. இந்த மாசம்தான் வேலையை உறுதி செய்ய வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி நாள் வந்தால் தாய்க்குப் போன் போட்டுச் சொல்கிற புரோகிராம் அவள் பொறுப்பு.

"காணோம் சார். எழுதினது மொத்தமும் காணோம்."

சனிக்கிழமை அவளுடைய மெஷினில் இருந்ததையெல்லாம் அழித்துத் துடைத்துப் புதுசாகப் போட்டவர் தண்டபாணி. துடைப்பதற்கு முன்னால் பட்டையைப் பார்த்திருக்கிறார். பச்சை. துடைத்துவிட்டார்.

"எழுதியிருந்தாத்தானே அம்மணி இருக்கும்?"

"எழுதினேன் சார். உங்க கண்ணு முன்னாடி உக்காந்துதானே எழுதினேன்!"

"பட்டைல பச்சை இருந்துச்சு. சர்வர்ல உன் பேர்ல ஒரு வரி இல்ல. அப்ப என்ன அர்த்தம்?"

"நான் தினமும் பச்சையைப் பார்த்துட்டுத்தான் சார் கிளம்பினேன்."

"எதுவுமே எழுதாதவங்களுக்கும் பச்சைதான் இருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் மத்தியானச் சாப்பாட்டை மானிட்டர் முன்னாலேயே வைத்துச் சாப்பிட்டதை ஆபீசே பார்த்திருக்கிறது. ஒரு புள்ளி பார்க்கவில்லை என்றால், மனுஷக் கண்ணெல்லாம் பொட்டையாகிவிடுமா?

"நான் பார்த்தேன் சார், அவ எழுதினதை" என்றேன்.

"நீ அவ உக்காந்திருந்ததைப் பார்த்தே. நான் கிட்டைப் பார்த்தேன்" என்றார். பேச்சுக்குக் குறைச்சல் இல்லை!

அதோடு விட்டாரா? முதலாளிக்கு ஒரு மெயிலும் அனுப்பிவிட்டார். நவீனா வேலை செய்யவில்லை, கேட்டால் பொய் சொல்கிறார், வேலையை உறுதி செய்ய வேண்டாம் என்று. முதலாளி வெளியூரில் இருந்தார். கோகிலவாணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மத்தியானமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று பதில் வந்தது. நவீனா டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்தாள். அப்பாவுக்குப் போன் போட எடுத்தவள், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

குரு படியேறி வந்தார். தண்டபாணி வாசலுக்கே போய்விட்டார்.

"குருவே, நீங்களே சொல்லுங்க. பச்சைப் புள்ளியை நம்பறதுங்களா, அழுகிற புள்ளையை நம்பறதுங்களா?"

முழுக்கதையையும் கேட்டுக்கொண்டே குரு ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார்.

"நவீனா, எந்த ஃபோல்டர்ல எழுதினே?"

"வரைவுன்னு இருக்கே, அந்த ஃபோல்டர்லக்கா. புதுசா வர்றவங்க அதுலதான் எழுதணும்னு தண்டபாணி சார் சொன்னார்."

"சார், நீங்க நவீனா சேர்ல உக்காருங்க. அதே ஃபோல்டர்ல ஒரு ஃபைல் போட்டு உங்க பேரை எழுதுங்க."

தண்டபாணி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். எழுதினார்.

"பட்டை என்ன சொல்லுது?"

"பச்சைங்க."

"அப்ப எழுதலையா?"

"எழுதிட்டேனுங்களே."

"இன்னும் எழுதுங்க."

ஊர் பெயர் எழுதினார். மில் பெயர் எழுதினார். குரு நிறுத்தச் சொல்லவில்லை. மனைவி, மக்கள் பெயர் வரைக்கும் எழுதிவிட்டார். பட்டை பச்சையாகவே இருந்தது. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"இப்ப சேமி தட்டுங்க."

தட்டினார். குரு தன் மெஷினுக்குப் போய் சர்வரில் இருப்பதை இறக்கிப் பார்த்தார்.

"இங்க உங்க பேர்ல ஒரு வரி இல்ல. பட்டையும் பச்சை. நீங்க ஒண்ணுமே எழுதலை சார்."

"என்ன மேடம் அநியாயமா இருக்கு! உங்க கண்ணு முன்னாடி உக்காந்துதானே எழுதினேன்!"

நவீனா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் வாய் திறந்தபடியே நின்றது. காலையில் இதே வார்த்தையை யார் சொன்னார்கள் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

கீழே டயர் கடையில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த ஃபோல்டரைக் கண்டுக்காதேன்னு கிட்டுக்கு நான்தான் சொல்லி வெச்சேனுங்க" என்றார் தண்டபாணி.

"ஏன்?"

"புரோகிராமை ஓட்டறப்ப எல்லாம் அதுக்குள்ள குப்பை ஃபைல் விழும். பொழுதன்னைக்கும் சிவப்பு. கண்ணைக் குத்துச்சுங்க."

"குப்பையை மட்டும் கண்டுக்காதேன்னு சொல்லியிருக்கலாமே?"

"எது எது குப்பைன்னு ஒவ்வொண்ணாப் பார்க்கணும். ஃபோல்டரையே சொன்னா ஒரே வரில முடிஞ்சுது."

ஒரே வரி! கேட்டீர்களா? இவர் கண் உறுத்தக் கூடாது, அதற்காக ஒரு பெண்ணின் உழைப்பு மண்ணாகப் போகலாம். போனதோடு பொய்க்காரி என்ற பட்டமும் அவள் தலையில் விழலாம். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வாயெடுத்தேன். குரு கையமர்த்தினார்.

"அப்ப இந்தப் பட்டையே வேண்டாமுங்க மேடம். எல்லார் மெஷின்லயும் எடுத்துடட்டுங்களா?"

"பட்டை என்ன பாவம் பண்ணுச்சு? முதல்ல முதலாளிக்கு மெயில் எழுதுங்க."

தண்டபாணி எழுதினார். ரொம்ப யோசித்து, அடித்துத் திருத்தி எழுதினார். முடித்ததும் தானே சத்தமாகப் படித்தார்.

"தொழில்நுட்பக் கோளாறு காரணமாக நவீனாவின் பணி பதிவாகாமல் போய்விட்டது. கோளாறு சரிசெய்யப்பட்டுவிட்டது. அவரைத் தொடர்ந்து பணியாற்ற அனுமதிக்கலாம்."

அனுமதிக்கலாமாம்! காலையில் பொய்க்காரி என்று எழுதினாரே, அதைப் பற்றி மூச்சே இல்லை. துடைத்தது யார் என்றும் இல்லை. பாவம், எங்கிருந்தோ ஒரு கோளாறு தானாகப் படியேறி வந்து எல்லாவற்றையும் செய்துவிட்டுப் போயிருக்கிறது. நவீனா அதைக் கேட்ட பிறகும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"அனுப்பிடட்டுங்களா மேடம்?"

குரு அவர் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். மெதுவாக முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

"நல்லாப் பச்சையா இருக்கு சார். இதுல உங்களை எந்த ஃபோல்டர்ல வெச்சிருக்கீங்க?"

தண்டபாணி எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, 'நான்' என்று ஆரம்பித்தார்.