இரண்டு வெளிச்சம், ஒரு திமிங்கலம்

ஒரு கடலோர ஊரின் அருங்காட்சியகத்தில் நீளமான வெள்ளைச் சுவர் ஒன்று இருந்தது. அதில் நீலத் திமிங்கலம் ஒன்றை நீந்தவிட வேண்டும். ஒரு புரொஜெக்டரின் வெளிச்சத்துக்குள் அது அடங்காது என்பதால் கூரையில் இரண்டை மாட்டியிருந்தார்கள். இடப்பக்கம் ஒன்றுக்கு, வலப்பக்கம் மற்றொன்றுக்கு. நடுவில் ஒரு முழ அகலம் இரண்டுக்கும் பொது.

வம்பு அந்தப் பொது இடத்தில்தான் வந்தது. இரண்டும் தங்கள் முழு வெளிச்சத்தையும் அங்கே கொட்டின. திமிங்கலம் அதைக் கடக்கும்போதெல்லாம் முதுகில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் பட்டை விழுந்தது.

"நீ ஒதுங்கு" என்றது இடது.

"நான் ஏன் ஒதுங்கணும்? இது என் இடம்" என்றது வலது.

பொறுப்பாளர் திரவியம் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "சாயங்காலம் சனங்க வந்துருவாங்கம்மா, ஜெனிட்டா. ஒண்ணைக் கழட்டிரு. திமிங்கலத்தைச் சின்னதாக்கிக்கலாம்."

"சின்னதாக்குனா அது திமிங்கலமா சார்? கொஞ்சம் பொறுங்க" என்றாள், கருவிகளைக் கவனிக்கும் ஜெனிட்டா.

திமிங்கலம் நடுங்கிப்போனது. "உங்க சண்டையில என்னைச் சுருக்கிடாதீங்க" என்று புரொஜெக்டர்களிடம் கெஞ்சியது.

இரண்டுக்கும் வெட்கமாகிவிட்டது. வெட்கம் வந்ததும் மரியாதை அளவுக்கு மீறி வந்தது. "நீங்களே காட்டுங்க." "சேச்சே, நீங்களே காட்டுங்க." இரண்டும் ஒரேயடியாக ஒதுங்கிக்கொள்ள, நடுவில் இருட்டு விழுந்தது.

"ஐயோ, இப்ப ரெண்டு துண்டாயிட்டேனே!" என்று அலறியது திமிங்கலம்.

ஜெனிட்டா கூரையை அண்ணாந்து பார்த்தாள். "சட்டுனு வரவும் வேண்டாம், சட்டுனு போகவும் வேண்டாம். ஒருத்தர் குறையக் குறைய இன்னொருத்தர் கூடணும்" என்றபடி இரண்டின் ஓர வெளிச்சத்தையும் திருத்தினாள்.

"என் ஓரத்துக்குப் போனா நான் ஒண்ணுமில்லாம போயிடுவேனே" என்றது இடது. அதன் குரலில் உண்மையான பயம் இருந்தது.

"அங்க நான் முழுசா இருப்பேன். என் ஓரத்துல நீ இரு" என்றது வலது.

சாயங்காலம் அரங்கம் நிறைந்தது, விளக்குகள் அணைந்தன. திமிங்கலம் சுவரின் ஒரு கோடியிலிருந்து நிதானமாகக் கிளம்பியது. அதன் கண் நடுப்பகுதிக்குள் நுழைந்து, துளியும் மங்காமல் மறுபுறம் வந்தது. பின்னால் உடம்பு வந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை. கடலிலேயே பிழைப்பு நடத்தும் ஆட்கள்கூட எழுந்து நின்றார்கள். அதைப் பார்த்தபின் யாருக்குத்தான் உட்கார்ந்திருக்க மனம் வரும்!

திரவியம் சுவரருகே போய்த் தடவிப் பார்த்தார். "ரெண்டும் எங்க சேருதும்மா?"

"எனக்கே தெரியல சார்" என்றாள் ஜெனிட்டா.

மேலே இடது மெல்லக் கேட்டது: "நடுவுல வந்தப்ப அந்தக் கண்ணைக் காட்டுனது நீயா, நானா?"

வலது வெகுநேரம் யோசித்தது. அதற்கும் தெரியவில்லை.