முசுறுக் கூட்டின் நடு அறை

ஒரு காட்டில், மழை விட்டும் தூவானம் விடாத பருவம் அது. அங்கே ஒரு மாமரத்தில் முசுறு எறும்புகள் கூடு கட்டியிருந்தன. பச்சை இலைகளை இழுத்துச் சேர்த்து ஒட்டிய, பந்து போன்ற கூடு.

கூட்டின் நடுவில் ஒரு சின்ன அறை. அதில் நாச்சி என்ற முசுறு இருந்தது. காவலுக்குப் போகும் எறும்புகள் எல்லாம் முதலில் நாச்சியிடம் தேறியாக வேண்டும். குழந்தைகளே, உங்கள் நெஞ்செலும்புக்குப் பின்னாலும் இப்படி ஓர் அறை உண்டு. தைமஸ் சுரப்பி என்று பெயர். உங்கள் உடம்பின் காவலர்களில் ஒரு பிரிவு அங்கேதான் தேறி வருகிறது. அது இருக்கட்டும், நாம் மாமரத்துக்குப் போவோம்.

நாச்சி இரண்டு இலைத் துண்டுகளை வைத்திருக்கும். ஒன்றில் கூட்டுக் குஞ்சின் மணம். மற்றதில் கட்டெறும்பின் மணம். முதல் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலக வேண்டும். இரண்டாவதைக் கடிக்க வேண்டும்.

இரண்டையும் கடிக்கும் எறும்பிடம் நாச்சி, "உனக்குக் கோபம் அதிகம், இலை ஒட்டப் போ" என்னும்.

இரண்டையும் கடிக்காத எறும்பிடம், "உனக்குக் கருணை அதிகம், இனிப்பு நீர் சேர்க்கப் போ" என்னும்.

பெரும்பாலானவை தேறாமல் திரும்பும். தேறியவை வாசலில் நின்றால் கூடு நிம்மதியாக உறங்கும். நாச்சியும் அவ்வப்போது ஓர் இனிப்புத் துளியைக் குடித்துவிட்டு உறங்கும். உறங்கி எழுந்தால்தான் அதன் உணர்கொம்புகளுக்கு மணங்கள் பிரிந்து தெரியும்.

ஒருநாள், கட்டெறும்புகள் பக்கத்து மரத்துக்கு வந்துவிட்டன என்று சேதி வந்தது. மேற்பார்வை பார்க்கும் வடிவு என்ற எறும்புக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவசரம் அதன் பிறவிக் குணம்.

"அக்கா, இனி இரவு பகல் பார்க்காமல் ஆள் தேர்ந்தெடு. உன் இனிப்புத் துளியைக் காவலர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்."

"கொஞ்சம் தூங்கிவிட்டுச் செய்கிறேனே, வடிவு."

"தூங்குவதற்கு இதென்ன மாமியார் வீட்டு விருந்தா?"

நாச்சி அடுத்த எறும்பிடம் துண்டுகளை நீட்டியது. வரிசை வந்துகொண்டே இருந்தது. ஒன்று போனால் ஒன்று. வெயில் படாமல், ஈரம் குடித்து, அறையின் இலைகூட ஓரத்தில் பழுத்துச் சுருங்கத் தொடங்கியது. நாச்சியின் உணர்கொம்புகள் துவண்டு தொங்கின. குஞ்சின் மணமும் கட்டெறும்பின் மணமும் ஈரமண் மணமாகவே தெரிந்தன.

அப்போது சூரி என்ற முரட்டு எறும்பு வந்தது. இரண்டு துண்டுகளையும் ஒரே மூச்சில் கடித்துக் குதறியது.

"ஆகா, இதுவல்லவா காவல்" என்றது வடிவு.

"எதைக் கடித்தது என்று பார்த்தாயா?"

"கடித்தால் போதும் அக்கா. எதை என்று பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?"

நாச்சி துண்டுகளைத் தொட்டுப் பார்த்தது. எது எந்தத் துண்டு என்று அதற்கே தெரியவில்லை. "சரி, போகட்டும்" என்றது. அந்தச் சொல்லைச் சொல்லும்போதே மனசு உறுத்தியது. ஆனால் அடுத்த எறும்பு வந்து நின்றுவிட்டது.

மாலையில் வாசலில் ஒரே கூச்சல். இனிப்பு நீரோடு திரும்பிய வேலைக்காரிகளைச் சூரி ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டிருந்தது. விலக்கிவிட ஓடிய வடிவுக்கும் காலில் ஒரு கடி.

"அடி பாவி, நான்தானே உன்னை வேலைக்கு வைத்தேன்."

"உங்களையும் கடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே" என்றது சூரி.

அந்த அமளியில் எதுவோ உள்ளே நுழைந்துவிட்டது. குஞ்சறையில் ஒரு குஞ்சைக் காணோம். அது கிடந்த இடத்தில் ஒரு சிலந்தி நூல் மட்டும் இருந்தது.

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எறும்புச் சிலந்தி. பார்ப்பதற்கு எறும்பேதான். குஞ்சைத் தின்று அதன் மணத்தையே பூசிக்கொண்டு கூட்டத்தில் நிற்கும். நாச்சியிடம் முன்பே ஒழுங்காகத் தேறிய காவலர்கள் ஓடிவந்து வாசலையும் குஞ்சறையையும் அடைத்து நின்றனர். ஆனால் கூட்டத்தில் சிலந்தி எது என்று அவர்களுக்கும் பிடிபடவில்லை.

"அக்கா, சீக்கிரம் கண்டுபிடி" என்று வடிவு நொண்டிக்கொண்டு வந்தது.

நாச்சி குஞ்சறையைப் பார்த்தது. மிச்சக் குஞ்சுகள் ஒன்றும் அறியாமல் நெளிந்துகொண்டிருந்தன. இன்னொரு முறை தவறினால் அவையும் இல்லை.

"என்னால் முடியாது. நான் தூங்கப் போகிறேன்."

கூட்டத்தில் ஒரு குரல் கனிவாகச் சொன்னது: "இந்த நேரத்தில் தூக்கமா அக்கா? கூடு முக்கியமா, தூக்கம் முக்கியமா?"

வடிவு அதையேதான் சொல்ல வாயெடுத்தது. காலில் கடிபட்ட இடம் விண்ணென்று தெறித்தது. வாயை மூடிக்கொண்டது.

"தூங்கட்டும். யாரும் நகரக் கூடாது, பேசக் கூடாது" என்றது. பிறந்ததிலிருந்து ஓரிடத்தில் நில்லாத வடிவு, நாச்சியின் அறை வாசலில் அசையாமல் நின்றது.

நாச்சி எழுந்தபோது வெயில் வந்திருந்தது. வடிவு ஓர் இனிப்புத் துளியை நீட்டியது. நாச்சி குடித்துவிட்டு, மெதுவாக ஒவ்வோர் எறும்பாகத் தொட்டுக்கொண்டே போனது. ஓரிடத்தில் நின்றது.

"அக்கா, நான் நம் கூட்டுப் பிள்ளை" என்றது அது, அதே கனிந்த குரலில்.

மேலே குஞ்சின் மணம். அதற்கடியில் பழைய வலையின் புளித்த மணம்.

"மேலே இருப்பது எங்கள் பிள்ளை. உள்ளே இருப்பது நீ" என்றது நாச்சி. காவலர்கள் பாய்ந்தனர்.

போன குஞ்சு வரவில்லை. பழுத்த இலையும் திரும்பப் பச்சையாகவில்லை. அறை சுருங்கியது சுருங்கியதுதான். சூரி இலை ஒட்டப் போனது. மறுநாள் புதிய வரிசை வந்து நின்றபோது, வடிவு அதன் முன்னால் போய் நின்று தாழ்ந்த குரலில் சொன்னது:

"காத்திருங்கள். அக்கா தூங்குகிறாள்."

நீதி: தன்னவர் யார், அயலார் யார் என்று அறிவதே காவல், அந்த அறிவுக்கு உறக்கமே உரம்.