இரண்டு இலக்கம்

டப். தகர டின் ஒன்றின் மூடி திறக்கிற சத்தம்.

கல்யாணமான மூன்றாம் நாள் மத்தியானம், வீடு நிறைய உறவுக்காரர்கள் பாயை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, தங்கபுஷ்பம் அதை முதன்முதலாகக் கேட்டாள். உள்ளறையில் புது மாப்பிள்ளை தவசிக்கனி, சீராக வந்த காராச்சேவு டின்னைத் திறந்துகொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. சேவு எத்தனையோ தடவை தீர்ந்து நிரம்பியது, டின் மட்டும் அதேதான். எந்த மூலையில் இருந்தாலும் அந்தச் சத்தம் அவள் காதுக்கு வந்துவிடும். டின் நிறைந்திருந்தால் அமுங்கி வரும். பாதியானால் தண்ணீர்க் குடத்தைத் தட்டினாற்போல் இருக்கும். அடிக்கு வந்துவிட்டால் கணீரென்று, ஏதோ நல்ல சேதி மாதிரி கேட்கும்.

பசித்து அவர் அதைத் திறந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. மகன் போனை வைத்ததும் திறப்பார். கரண்ட் போனால் திறப்பார். கிரிக்கெட்டில் தோற்றால் ஒரு கை, ஜெயித்தால் இரண்டு கை. வீட்டில் பேச்சு அடங்கினால் போதும், கால் தானாக உள்ளறைக்குப் போகும்.

விருதுநகர் வத்தல் மண்டியில் ஏலம் கூறுகிற வேலை அவருக்கு. காலையில் திறந்த வாய் மத்தியானம்தான் மூடும். கையெல்லாம் மிளகாய்க் காரம். அந்தக் கையால் எதையும் எடுத்து வாயில் போட முடியாது. அதனால் மண்டியில் இருந்தவரை உடம்பு ஒரு கட்டுக்குள் இருந்தது. வேலையை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு கை சுத்தமாகிவிட்டது, வாய் சும்மாவாகிவிட்டது. நூற்றுப் பதின்மூன்று கிலோ. இரண்டு முழங்காலும் போயிற்று. மதுரையில் காட்டினார்கள். எலும்பு டாக்டர் எடை மிஷினைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"மூணு இலக்கத்துல நான் கத்தி வைக்கிறதில்ல. ரெண்டு இலக்கமா வாங்க."

மதுரையிலிருந்து வந்த இரண்டாம் வாரம் வாசற்படியில் தடுக்கி உட்கார்ந்தவரைத் தங்கபுஷ்பத்தால் எழுப்ப முடியவில்லை. பக்கத்து வீட்டு மரகதம் ஓடிவந்து, தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு, நாலு பேராகத்தான் தூக்கினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம். அடைமழையில், தெருவில் ஆள் இல்லாத நேரத்தில் விழுந்தால்?

கம்பங்கூழ் வைத்துப் பார்த்தாள். டின்னை ஒளித்துப் பார்த்தாள். பிறகு ஒரு மாதம் டின் சத்தமே கேட்கவில்லை; ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். அரிசி எடுக்கப் போன ஒருநாள்தான் கண்டாள். சத்தம் வெளியே வராதபடி மூடியின் விளிம்பைச் சுற்றிப் பழைய வேட்டிக் கிழிசல் ஒன்றை நேர்த்தியாகச் சுற்றி வைத்திருந்தார். டின்னை இருந்தபடியே வைத்துவிட்டு வந்தாள். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைவிட அந்தத் துணிதான் அவளை என்னவோ செய்தது.

வழி பிறந்தது தற்செயலாக. தெருக்கோடியில் இருந்த கணக்கு வாத்தியார் சோலையப்பன் இரவல் குடையைத் திருப்பித் தர வந்தார். வந்தவருக்கென்று ஒரு தட்டு பருப்பு வடை வைத்தாள். தவசிக்கனி ஏதோ பேச ஆரம்பித்தார். காப்பியோடு அவள் திரும்பி வந்தபோது தட்டு காலி.

"எல்லாத்தையும் தின்னு தீர்த்துட்டீகளா?" என்று கேட்கப் போனவள் நின்றுவிட்டாள். தவசிக்கனியின் இரண்டு கையும் மேலே இருந்தன. அவர் ஒரு காலத்தில் பார்த்த கத்திரிக்காயின் நீளத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. கடைசி வடை வாத்தியார் வாயில் இருந்தது.

அவர் புளுகுக்கு வாய் மட்டும் போதாது, இரண்டு கையும் வேண்டும் என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள்.

தவசிக்கனியின் புளுகு மண்டியில் பிரசித்தம். வீட்டில் அதற்கு இடமில்லை. தங்கபுஷ்பம் தலைவலி என்றுகூடச் சாக்குச் சொல்லத் தெரியாதவள். அவர் வாயைத் திறந்தாலே "பேசாம இருங்க" என்பாள். அவரும் பேசாமல் இருந்தார், டின்னைத் திறந்தார். முப்பத்தெட்டு வருஷக் கணக்கு அவளுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்தது. மறுநாளிலிருந்து நாலு மணிக்கு வடை போட்டாள். வாத்தியாரும் மரகதமும் வந்தார்கள். இவளும் சுவரோரம் உட்கார்ந்து, தொண்டையில் முள் மாட்டினாற்போல ஒரு வார்த்தையைச் சொல்லப் பழகினாள்.

"அப்புறம்?"

அந்த வார்த்தை போதும் அவருக்கு.

"அப்புறம் என்ன, தேசபந்து மைதானத்துக்கு எதுத்தாப்ல அப்ப ஒரு புரோட்டாக் கடை. ஒருநாள் ராத்திரி உட்கார்ந்தேன். மாஸ்டர் வீசுறான், நான் முடிக்கிறேன். அவன் வீசுறான், நான் முடிக்கிறேன். கடைசில அவனுக்குக் கை சுத்துனது நிக்கல. மாவு தீர்ந்துபோச்சு, கல்லு ஆறிப்போச்சு, கை மட்டும் சுத்துது. அப்படியே வீட்டுக்கு நடந்து போனான். வழியில கொடியில காய்ஞ்ச சேலையெல்லாம் மடிச்சுப் போட்டுக்கிட்டே போயிருக்கான்."

"எத்தனை தின்னீக?" என்றார் வாத்தியார், வடையைப் பிட்டபடி.

"அதை எண்ண உம்மளத்தான் தேடுனோம் சார். நீர் அப்பப் பொறக்கலையாம்."

"உமக்கும் எனக்கும் ஒரே வயசு."

"சின்ன வயசுலயே எனக்கு வயசு அதிகம்." கை மறுபடி மேலே போயிற்று. "எடையை மட்டும் லேசா நெனைக்காதீக. மண்டில மூட்டை போடுற தராசு இருக்குல்ல, அதுல ஒருநாள் விளையாட்டா ஏறி நின்னேன். முள்ளு ஒரு சுத்துச் சுத்துச்சு. ரெண்டாவது சுத்து. மூணாவது சுத்து முடிஞ்சு சரியா சைபர்ல வந்து நின்னுச்சு. மொதலாளி பார்த்துட்டு, 'கனி, உனக்கு எடையே இல்ல, போய் நல்லாச் சாப்பிடு'ன்னு அனுப்பி வச்சாக."

மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் வீட்டில் சிரிக்க ஆள் இல்லை.

"மதுரை பஸ்ஸுல நான் இடப்பக்கம் உட்கார்ந்தா வண்டி தானா இடப்பக்கம் திரும்பும். ஒருதரம் தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா அருப்புக்கோட்டை. டிரைவர் கையைக் கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டிருக்கான். 'அண்ணாச்சி, வலப்பக்கம் மாறி உட்காருங்க, ஊருக்குத் திரும்பணும்'கிறான்."

"இது புளுகு," என்றார் வாத்தியார். அவர் கணக்கில் முன்னது இரண்டும் சந்தேகம்.

இப்படி மாசி போய், ஆடி போய், ஐப்பசி வந்தது. தவசிக்கனிக்கு வேட்டி கூடுதலாக ஒரு சுற்று வந்தது. நாலு மணிக்கு முன்னாலும் அவர் டின் பக்கம் போகவில்லை. அன்றைய புளுகை யோசித்துக்கொண்டு, கைகளால் காற்றில் அளவு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாத்தியாருக்குச் சட்டைப் பொத்தான் விலகி நின்றது. சலவைக்குப் போட்ட இடத்தில் துணியைச் சுருக்கிவிட்டார்கள் என்று ஏசினார். தங்கபுஷ்பத்துக்கும் மனசாட்சி உண்டு. நாலு மணிக்கு அது கண்ணயர்ந்துவிடும்.

மருந்துக்கடை மிஷினில் ஒருநாள் சரியாக நூறு காட்டியது. இன்னும் ஒரு கிலோ. டாக்டரிடம் போக வேண்டிய நாள் அடுத்த புதன்.

அந்தச் சனிக்கிழமைதான் தவசிக்கனி பசியைப் பஸ் ஏற்றினார்.

"உண்மையச் சொல்றேன் சார். நான் பட்டினி கிடக்கல. எம் பசியைக் கூப்பிட்டேன். 'இந்தா பாரு, உனக்கும் எனக்கும் ஒத்துவரல, நீ சாத்தூருக்குப் போயிரு, அங்க சேவு நல்லாருக்கும்'னேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட்டிட்டுப் போய் ஏத்திவிட்டேன்."

"பசிக்கு டிக்கெட் எடுத்தீகளா?"

"அரை டிக்கெட். முழு டிக்கெட் எடுக்குற பசி எனக்கு எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல. எல்லாம் பொடிப் பசிதான். சும்மா இருந்தா வந்து வேட்டியப் பிடிச்சு இழுக்கும். சாத்தூர்ல அது கடை கடையா ஏறித் தின்னுட்டு, மூணாம் நாள் வாசல்ல வந்து நிக்குது. குண்டா. என்னைவிடக் குண்டா. நிலையில நுழைய முடியல. வெளியவே நின்னு அழுதுச்சு, நான் உள்ள உட்கார்ந்து கூழு குடிச்சேன்."

"அப்புறம்?" என்றாள் தங்கபுஷ்பம். இந்தத் தடவை முள் இல்லாமல் வந்தது.

"அப்புறம் எடையைக் கைமாத்திவிட ஆரம்பிச்சேன். பேசுறப்ப ஒவ்வொரு வார்த்தையோடயும் ஒரு குந்துமணி எடை வெளிய போகும். கேக்குறவுக மேல போய் உட்கார்ந்துக்கும். இப்ப நான் விட்டதெல்லாம் இந்த அறையிலதான் இருக்கு."

வாத்தியார் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"போதும் அண்ணாச்சி. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒருத்தர் எடை இன்னொருத்தர் மேல போகுமா? இவ்வளவு சுத்தப் புளுகை நான் என் ஆயுசுல கேட்டதில்ல. நாளைலேர்ந்து நான் வரல."

எழுந்தார். எழும்போது நாற்காலியும் கூடவே கொஞ்சம் எழுந்தது. அதைப் பிரித்து விட்டுவிட்டுத் துண்டை உதறினார்.

அறையில் பேச்சு நின்றது. தவசிக்கனியின் கைகள் மெதுவாகக் கீழே வந்தன. மடியில் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தன. பிறகு வலக்கை தட்டுப் பக்கம் நகர்ந்தது. அவர் கண் தட்டில்கூட இல்லை. உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மௌனம் தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். இதற்குப் பிறகு என்ன சத்தம் வரும் என்பதும், அந்தச் சத்தத்தைத் துணி சுற்றி அமுக்கியிருப்பதும் தெரியும்.

"உட்காருங்க சார்," என்றாள். "இவுக சொன்னது ஒண்ணும் பெருசில்ல. பெருசை நான் சொல்றேன்."

மூன்று பேரும் திரும்பினார்கள். அவள் தன் வாய் தன்னைக் கேட்காமல் திறப்பதைக் கேட்டாள்.

"உள்ளறையில ஒரு சேவு டின் இருக்கு. கல்யாணத்துக்கு எங்க வீட்டுல குடுத்தது. அதுல நான் ஒரு நாளும் சேவு போட்டதில்ல. முப்பத்தெட்டு வருஷமா அது வெறும் டின்."

"மதினி?" என்றாள் மரகதம்.

"இவுக மூடியத் திறப்பாக. டப்புனு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைத் தின்னுட்டு வந்துருவாக. காலையில ஒரு சத்தம், மத்தியானம் ரெண்டு சத்தம், மகன் போன் பண்ணுனா ஒரு சத்தம். முறுக்கு, சேவு ஒண்ணும் கிடையாது. வெறும் சத்தத்தைத் தின்னே நூத்திப் பதிமூணு கிலோ. நெசமாவே சேவு போட்டிருந்தா இந்தத் தெரு தாங்கியிருக்குமா? நடுவுல ஒரு மாசம் மூடியில துணியச் சுத்துனாக. சத்தம் வரல. அந்த மாசம் பூரா பட்டினி. பாவம், சாகப் பிழைக்கக் கிடந்தாக. எனக்குத் தெரியும், நான் கேக்கல."

சோலையப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது. தட்டில் வைத்த வடை மறுபடி கையில் இருந்தது.

தவசிக்கனி மனைவியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மண்டியில் நிற்கிற நிற்பை உட்கார்ந்தபடியே நின்றார். குரல் பழைய குரல்.

"ஒரு தரம்," என்றார். வாத்தியாரைப் பார்த்தார். "இதுக்கு மேல கேக்குற ஆள் உண்டா?"

வாத்தியார் வாய் நிறைந்திருந்தது.

"ரெண்டு தரம்." மரகதத்தைப் பார்த்தார்.

"எனக்கு இவ்வளவு வராது அண்ணாச்சி," என்றாள் அவள்.

"மூணு தரம்." தொடையில் ஓங்கித் தட்டினார். "புஷ்பத்துக்கு."

அவர்கள் போன பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். இவள் காலித் தட்டோடு அங்கேயே நின்றாள். சத்தம் வரவில்லை. டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்து மேசைமேல் வைத்தார். மூடியிலிருந்து வேட்டிக் கிழிசலை ஒவ்வொரு சுற்றாக எடுத்தார்.

"உனக்குக் கேட்டுச்சா எல்லாம்?"

"மூணாம் நாள்லேர்ந்து."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீங்க பேசாம இருந்திருப்பீக," என்றாள்.

அவர் சிரித்தார். டின்னை அவள் பக்கம் தள்ளினார். அடுத்த மூன்று நாளும் நாலு மணிக்கு வாத்தியார் வந்தார். சத்தத்தில் எத்தனை கலோரி என்று தர்க்கம் பண்ணுவதற்காக வந்தார், தர்க்கம் பண்ணிக்கொண்டே தின்றார்.

புதன்கிழமை மதுரையில் மிஷின் தொண்ணூற்றொன்பது காட்டியது. எப்படிக் குறைத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். தவசிக்கனி உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர் வாழ்க்கையில் சொன்னதிலேயே யாரும் நம்பாதது அதுதான். மார்கழியில் ஒரு காலும் பங்குனியில் இன்னொரு காலும் ஆப்பரேஷன் ஆயிற்று. இப்போது கடைத்தெருவுக்கு நடந்தே போய் வருகிறார். வாசற்படியில் அவள் கையைப் பிடித்துக்கொள்வது பழக்கத்தினால்.

சோலையப்பன் வாத்தியாருக்குப் போன மாதத்திலிருந்து முழங்கால் வலி. அதே டாக்டரிடம்தான் போனார். நூற்றிரண்டு கிலோ, இரண்டு இலக்கமாக வரச் சொல்லியிருக்கிறார்கள்.