கை தவறிச் சரியாய் விழுந்த காசு

ஆனைக்குளம் ராஜாவுக்குப் பிழையாக அச்சடித்த பழைய பொற்காசுகள் மேல் பைத்தியம். சிங்கம் தலைகீழாக நிற்கும் காசை எடுத்துக் காட்டி, அது எந்த ராணியின் கழுத்தில் கிடந்தது என்று கதை கதையாய்ச் சொல்வார். ஆனால் அவருடைய தங்கசாலையில் எவனாவது பிழையாக அடித்தால் கையை வெட்டிவிடுவார்கள்.

ஒருநாள் காசு அடிக்கும் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"யாரிடமும் இல்லாத பிழையோடு நாளைக்கு ஒரு காசு வேணும். இல்லையென்றால் உன் தலை இருக்காது."

அடித்தால் கை போகும், அடிக்காவிட்டால் தலை போகும்.

மறுநாள் மாடக்கண்ணு சபையில் நீட்டிய காசில் மருந்துக்கும் குறையில்லை.

"பிழை எங்கேடா?"

"நான் செய்ததுதான் பிழை, மகாராஜா. தப்பாக அடிக்கச் சொன்னீர்கள். கை தவறிச் சரியாக அடித்துவிட்டேன். இப்படியொரு பிழை வேறு யாரிடமும் கிடையாது. இதற்காக என் தலையை வாங்கினால் காசுக்கு நல்ல கதையும் கிடைக்கும். எந்த ராஜா அந்தத் தலையை வாங்கினார் என்று ஊர் ஊராய்ச் சொல்வார்கள்."

சபையே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ராஜா காசை அவசரமாகப் பெட்டிக்குள் போட்டு, "போய்த் தொலை" என்றார்.

வீட்டு வாசலில் மனைவி பூமயில் அவன் தலையைப் பார்த்தாள். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம்தான் இலை போட்டாள்.

மாடக்கண்ணு ஐந்து விரலையும் விட்டுப் பிசைந்து சாப்பிட்டான்.