மூலையை எடுக்கச் சொன்ன ஓலை

முன்னொரு காலத்திலே, ஒன்பது மலைகள் வேலி கட்டினாற்போல் நிற்க, நடுவில் ஏரியும் வயலுமாகக் கிடந்த ஒரு நாட்டிலே ஒரு ராஜா இருந்தான். மேற்கேயிருந்து வந்த ஒரு குரு அவனுக்குக் கோவிந்தன் பெயரைக் காதில் ஓதி, நெற்றியில் நாமம் இட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து ராஜாவுக்குக் கோவிந்தன்மேல் தீராத காதல். அது நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் புதுக் காதல் வந்தவனுக்குப் பழைய உறவெல்லாம் கண்ணில் குத்துமே, அதுதான் வினை.

அந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் தென்மேற்கு மூலையில் ஒரு பழைய தெய்வம் உண்டு. சிலை கிடையாது. ஒரு செம்புத் தண்ணீர், ஒரு பூ, அவ்வளவுதான். மரியாதைக்காக அதன் பெயரைச் சொல்லாமல் எல்லோரும் 'மூலை' என்றே சொல்வார்கள். "மூலைக்குப் பூ வைத்தாயா?" என்றுதான் பேச்சு.

அரண்மனை விகடன் நொங்யாய். அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பான், மந்திரி கைரம்பாவுக்கு வயிறு எரியும். நொங்யாயின் அக்கா தம்பால், வெள்ளை உடுத்தி மூலைக்கு முன் ஆடிக் குறி சொல்லும் பூசாரிப் பெண். கைரம்பாவுக்கு இது போதாதா? நேரம் பார்த்து, மூலை இருக்கும்வரை கோவிந்தனுக்கு மதிப்பில்லை என்று ராஜாவின் காதைக் கடித்தான்.

மறுநாள் சபையில் ஓலை வாசிக்கப்பட்டது. "இன்றிலிருந்து மூன்று நாளுக்குள் நம் நாட்டில் எந்த வீட்டிலும் தென்மேற்கு மூலை இருக்கக் கூடாது. மீறுவோர் ஏரித் தீவுக்கு அனுப்பப்படுவர்."

ஏரித் தீவுக்குப் போனவர்கள் யாரும் திரும்பியதில்லை.

"மகாராஜா, இந்தப் பணியை நொங்யாயிடமே ஒப்படைக்கலாம்," என்றான் கைரம்பா, தேன் ஒழுக. "முதலில் அவனுடைய தமக்கையின் வீட்டிலிருந்து தொடங்கட்டும். தவறினால் இருவரும் ஒரே படகில் போகலாம்."

"அப்படியே ஆகட்டும்," என்றான் ராஜா. அன்றைக்கு அவன் சிரிக்கவே இல்லை.

நொங்யாய் அக்காவிடம் ஓடினான். "கொஞ்ச நாளைக்குச் செம்பை ஒளித்து வை அக்கா. உன் காலில் விழுகிறேன்."

"ஒளித்து வைக்க நான் என்ன திருடியா?" என்றாள் தம்பால். "தீவுக்கே போகிறேன். நீ அழாதே, உனக்கு அழ வராது, கேவலமாக இருக்கிறது."

ஆனால் அவன் அழுதான். அழுதுகொண்டே ஓலையை இன்னொரு முறை வாசித்தான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிவாளை எடுத்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம். சபை கூடியிருக்கும்போது தோளில் கடப்பாரையோடு உள்ளே வந்தான் நொங்யாய்.

"வேலை முடிந்ததா?" என்றான் ராஜா.

"முடியவில்லை மகாராஜா. அரண்மனை மூலை பாக்கி இருக்கிறது."

ராஜாவின் கை வாளுக்குப் போயிற்று. "என் வீட்டையா இடிக்க வந்தாய்?"

"ஓலையில் 'எந்த வீட்டிலும்' என்று இருக்கிறது, பிரபு."

கைரம்பா குதித்தான். "அரண்மனை மூலை என்றைக்கோ காலியாகிவிட்டது! தேடிப் பார்க்கட்டும். செம்பு இல்லையென்றால் அவன் தலையை எடுங்கள்."

"எடுக்கிறேன்," என்றான் ராஜா. எல்லோரும் அந்தப்புரத்துக்கு நடந்தார்கள்.

அரண்மனையின் தென்மேற்கு அறை ராஜமாதாவுடையது. மூலையை மறைத்துக்கொண்டு அந்த அம்மாள் நின்றிருந்தார். அவர் கால் ஓரத்தில் ஒரு செம்பு, அதில் அன்று பறித்த பூ. சத்தியமாக இதை நொங்யாய் எதிர்பார்க்கவில்லை.

"விலகுங்கள் அம்மா," என்றான் ராஜா.

"நீ பிறந்த ஆறாம் நாள் உன்னை முதன்முதலில் இந்த மூலைக்குத்தான் காட்டினேன். விலகமாட்டேன். படகைக் கொண்டுவரச் சொல்."

ஓலையில் போட்ட முத்திரை ராஜாவுடையது. மாற்றினால் வாக்குத் தவறியவன், மாற்றாவிட்டால் தாயை ஏரியில் தள்ளியவன். கைரம்பா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

நொங்யாய் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு ராஜாவின் காலில் விழுந்தான். "பிரபு, ஆணை மூலையைத்தான் எடுக்கச் சொன்னது. பூவைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை. மூலையோ எடுக்க வரமாட்டேன் என்கிறது! அக்கா வீட்டில் மூலைக் கம்பத்தைப் பிடுங்கினேன். மூங்கில் தட்டியை ஒரு முழம் உள்ளே தள்ளிக் கட்டினேன். பார்த்தால் அங்கே ஒரு தென்மேற்கு மூலை! இன்னும் ஒரு முழம் தள்ளினேன். அங்கேயும் ஒன்று! மூன்று நாளாகத் தள்ளித் தள்ளி, வீடு இப்போது அக்கா சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு வந்துவிட்டது. அதற்கும் மூலை இருக்கிறது. இனிமேல் தள்ள வேண்டுமானால் அக்காவைத்தான் மடிக்க வேண்டும். அவள் மடிய மாட்டாள், உங்களுக்கே தெரியும்."

ராஜாவின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை.

"கோவிந்தனுக்கு முற்றத்தில் துளசி நடு மகனே," என்றார் ராஜமாதா. "நானே தண்ணீர் ஊற்றுகிறேன். துளசிக்கு வெயில் வேண்டும். மூலையில் இருக்கும் இவருக்கு வெயில் ஆகாது. ரெண்டு பேருக்கும் என்னடா சண்டை?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது, அதை அவன் துடைக்கவில்லை. "எடுக்க முடியாததை எடுக்கச் சொன்ன ஆணை செல்லாது. முற்றம் கோவிந்தனுக்கு, மூலை மூத்தவருக்கு. நொங்யாய், என்ன வேண்டும் கேள்!"

"அக்காவுக்கு வீடு வேண்டும், பிரபு. மந்திரியார் கையால்."

மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் கால் புதைய, கைரம்பா கம்பம் நட்டான். பழைய மூலைக்கு ஒரு முழம் உள்ளேயே நட்டுத் தப்பிக்கப் பார்த்தான். செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தம்பால் சொன்னாள்:

"மந்திரி ஐயா, கொஞ்சம் தென்மேற்கே தள்ளி நடுங்கள். அவர் காத்திருக்கிறார்."