பெட்டிக்குள் போன ராஜா

முன்னொரு காலத்தில் வேம்பனூர் ராஜ்யத்தை மகிழ்மாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம் போடுவார், சாயங்காலம் மறந்துவிடுவார். அதனால் ஊர் ஒருவழியாகப் பிழைத்துக் கிடந்தது.

ஒருநாள் ஆஸ்தானப் புலவர் பஞ்சநாதர், "மகாராஜா, தங்கள் நவரத்தினம் இருப்பதும் பெட்டி, கருவாடு இருப்பதும் பெட்டி. இது அடுக்குமா?" என்று கொளுத்திப் போட்டார்.

"அடுக்காது. வேறு பெயர் வையும்."

"'நாற்சுவர் சூழ்ந்து மேன்மூடி தாங்கிய பொருட்காப்புக் கூடம்' என்பதே தகும்."

ராஜா சொக்கிப்போனார். இனிமேல் பெட்டி என்று சொன்னால் நாடு கடத்தல் என்று சட்டம் போட்டார்; சாயங்காலம் அவர் மறந்துவிடாதபடி புலவர் நினைவூட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாளே மாட்டிக்கொண்டாள் சடைச்சி. அரண்மனைச் சரக்கறையான உக்கிராணத்தில் மாம்பழம் அடுக்கி வெளியூருக்கு அனுப்புகிறவள் அவள். "அந்தக் கள்ளிப்பெட்டியைத் தூக்குப்பா" என்று வண்டிக்காரனிடம் சொன்னது புலவர் காதில் விழுந்துவிட்டது.

சபையில் நிறுத்தினார்கள்.  அங்கேயும் சடைச்சியின் வாய் அடங்கவில்லை.

"ஓலையில முடைஞ்சாலும் பெட்டி, தேக்குல இழைச்சாலும் பெட்டிதான் மகாராஜா. உள்ள வச்சு, மூடி, நசுங்காமக் கொண்டுசேர்த்தா அது பெட்டி. புதுப் பேரு வேலைக்கு ஆகுமான்னு நீங்களே ஒரு பெட்டிக்குள்ள உட்கார்ந்து பாருங்க. அந்தப் பேரைச் சொல்லி வெளிய வந்துட்டீங்கன்னா, நான் ஊரை விட்டே போறேன்."

ராஜாவுக்கு விளையாட்டென்றால் போதும். காவலரை வெளியே நிறுத்திவிட்டு உக்கிராணத்துக்குப் போய், அங்கிருந்த நாற்பது பெட்டிகளில் ஒன்றில் குதித்து வைக்கோலில் உட்கார்ந்தார். சடைச்சி மூடியைக் கட்டினாள். உள்ளிருந்து ராஜா காவலரைக் கூப்பிட்டார். அவர்கள் ஓடிவந்தார்கள்.

"எங்க இருக்கீங்க மகாராஜா?"

"நாற்சுவர் சூழ்ந்து…" வைக்கோல் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது.

"நாலு சுவரும் பார்த்தாச்சு மகாராஜா, காணோம்."

"சூழ்ந்து… அப்புறம் என்னய்யா?"

"'மேன்மூடி' மகாராஜா," என்று வாசலிலிருந்து எடுத்துக்கொடுத்தார் புலவர். காவலர்கள் கூரைமேல் ஏறிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மாம்பழ வாசத்துக்கு வந்த செவ்வெறும்பு ராஜாவின் தொடையைப் பிடித்தது.

"பெட்டிடா. பெட்டிக்குள்ள இருக்கேன்டா, திறங்கடா."

காவலர்கள் கூரையிலிருந்து குதித்தார்கள்; கண் மூடித் திறப்பதற்குள் நாற்பது மூடியும் பறந்தன. தலையெல்லாம் வைக்கோலாக ராஜா எழுந்தார்.

"மகாராஜாவை மூச்சுமுட்ட வைத்துக் கொல்லப் பார்த்தாள்," என்று கத்தினார் புலவர்.

"மாம்பழப் பெட்டிக்கே ஓட்டை போட்டுத்தான் அனுப்புவேன். மகாராஜாவுக்குப் போடாம இருப்பேனா?" என்றாள் சடைச்சி.

ராஜா தொடையைச் சொறிந்துகொண்டே சிரித்தார். சடைச்சிக்கு உக்கிராணத்தின் முழு அதிகாரமும் கிடைத்தது. "புதுப் பெயர் புலவருக்கு மட்டும் சொந்தம். அவருக்கு வெற்றிலைப்பெட்டி வேண்டுமானால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்," என்று கட்டளை போட்டார். போட்ட சட்டங்களில் இந்த ஒன்றை மட்டும் அவர் மறக்கவேயில்லை.

பஞ்சநாதர் அதன்பிறகு வெற்றிலை போடுவதையே விட்டுவிட்டார்.