மூடி போடாத சைடர்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் ஆப்பிளுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில், கார் நிறுத்தும் கொட்டகையில், பிலோமினா சைடர் போட்டுவந்தாள். ஆப்பிளைப் பிழிந்து, சாற்றைப் புளிக்கவைத்து எடுக்கும் பானம். விற்பதற்கு அல்ல, ஆசைக்கு. தூத்துக்குடிக்காரி. பிழைப்புக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை.

அவளுக்கு ஒரே ஒரு சீடர். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற சௌந்தரபாண்டியன். குருவைவிட இருபது வயது மூத்தவர். 'டீச்சரம்மா' என்று அவளைக் கூப்பிடுவார். கேலியாகத் தொடங்கியதுதான், பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

வந்த அன்று அவர் கேட்டார்: "நல்ல சைடருக்கு என்ன ரகசியம், டீச்சரம்மா?"

அவள் ஒரு கூடை காலி பாட்டில்களை அவர் முன்னால் வைத்தாள். "கழுவுங்க, அண்ணாச்சி."

கழுவினார்.

"ரகசியம்?"

"இன்னொரு தடவ கழுவுங்க."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் பாட்டில்தான் கழுவினார். வீட்டில் ஒரு டம்ளர் கழுவாத மனிதர்.

ஒருநாள் பிலோமினா கேட்டாள்: "இந்த வயசுல என்னத்துக்கு இந்தப் பாடு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் என் தம்பி செல்லத்துரை இருக்கான். இந்த ஊருக்கு வந்த புதுசுல ரெண்டு பேரும் ஒண்ணா ஆப்பிள் பறிச்சோம். சைடர முதமுதல்ல எனக்கு ஊத்திக் கொடுத்ததே அவன்தான். பொறவு அவன் மக கல்யாணத்துக்கு நான் போகல."

"ஏன்?"

"பத்திரிகையில என் பேரக் கீழ போட்டுட்டான்."

பிலோமினா சிரிக்கவில்லை. சிரிப்பு வந்திருக்கும், அடக்கிக்கொண்டாள்.

"தப்பு என்னுதுதான்" என்றார் அவர். "வெறுங்கையோட போயி அத எப்படிச் சொல்லுதது? என் கையால போட்ட சைடரோட போகணும். அவன் ஒரு வாய் குடிச்சிட்டான்னா நான் பேசிருவேன்."

முதல் தடவை அவருக்கு அவசரம். சாறு குமிழ் விட்டுக்கொண்டிருக்கும்போதே, குருவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பாட்டிலில் ஊற்றி இறுக்க மூடி வீட்டில் அடுக்கிவிட்டார். உள்ளே காற்று திரண்டு பாட்டில்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. அவர் மனைவி அரிசிப் பையிலிருந்து கண்ணாடிச் சில்லு எடுத்துக்கொண்டே திட்டினாள். திட்டு முடிந்ததும் அவர் கொட்டகைக்கு வந்தார்.

"நான் என்ன செஞ்சிருக்கணும், டீச்சரம்மா?"

"பொறுத்திருக்கணும்."

அந்த ஒரு சொல்லை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த பருவத்தில் சாறு புளிக்கும் ஜாடியைத் தொடவே இல்லை. குமிழ் நின்றது. அப்போதும் தொடவில்லை. அடியில் கசடு இறங்கி, மேலே சாறு பளிச்சென்று தெளிந்தது. அதன் பிறகே பாட்டிலில் அடைத்தார். பிலோமினா ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு. தம்பிக்குக் கொண்டுபோங்க."

"நாக்குல லேசா உறுத்துது. இன்னும் கொஞ்சம் பொறுப்போம்."

பொறுத்தார். உறுத்தல் போனது. பிறகு வாசனை பத்தவில்லை என்றார். அதற்கடுத்த பருவத்தில் நிறம் சரியில்லை என்றார். பாட்டில்கள் எல்லாம் அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்களுக்குப் போயின. குடித்தவர்கள் வழியில் பார்க்கும்போதெல்லாம் கைகொடுத்தார்கள். தம்பி வீட்டுக்கு மட்டும் ஒன்றும் போகவில்லை. பிலோமினாவும் அவரை அவசரப்படுத்தவில்லை. இப்படி ஒரு சீடர் கிடைத்ததில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஒரு காலை, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடிந்து பாலம் தாண்டி வந்தவள் தன் வீட்டுக்குப் போகாமல் நேராக அவர் வீட்டுக்கு வந்தாள். அவர் புதுச் சாறு ஊற்றிய ஜாடியில் காதை வைத்துக் குனிந்திருந்தார்.

"கேளுங்க டீச்சரம்மா. எவ்வளவு நிதானமா குமிழ் விடுது! இந்தத் தடவ தப்பாது."

அவள் கேட்கவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த பாட்டில் ஒன்றை எடுத்தாள். குழாயை ஜாடிக்குள் விட்டு, கலங்கலாக இருந்த சாற்றைப் பாட்டிலில் இறக்கினாள். கசடும் கூடவே வந்தது. அதை அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன செய்தீங்க? இது பாதிகூட ஆகலையே!"

"உங்க தம்பி வீட்டு வாசல்ல லாரி நிக்குது. கட்டில ஏத்துறாங்க. வீட்ட வித்துட்டு கடல் தாண்டி பெர்த்துக்கு மக கூடவே போறாராம். மத்தியானம் கிளம்புறாங்க."

சௌந்தரபாண்டியன் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாட்டிலில் நுரை ஏறிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் அவர் கை மூடியைத் தேடியது.

"மூடாதீங்க, வெடிச்சிரும். நேராப் பிடிச்சிக்கிட்டு வாங்க. காரை நான் ஓட்டுதேன்."

"இதப் போயி அவன் கையில எப்படிக் கொடுப்பேன்? குடிச்சா வயித்த வலிக்கும்." பாட்டிலை அவள் பக்கம் நீட்டினார். "பொறுத்திருக்கணும்னு நீங்கதான டீச்சரம்மா சொன்னீங்க? அந்த ஒரு சொல்லுக்காகத்தான இத்தன வருஷம் நான் போகாம இருந்தேன்?"

நுரை வழிந்து அவர் விரல்களை நனைத்தது.

பிலோமினா கார்ச் சாவியை எடுத்தாள்.

"நான் சைடரச் சொன்னேன், அண்ணாச்சி."